மரத்தில் கறந்த நெய்

நம் நாட்டின் அறிவியல் வளர்ச்சியைக் கண்ணாரக் காண வேண்டுமென்றால் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போக வேண்டாம். விடிகாலை ஐந்தரை மணிக்கு ஏதாவது ஒரு கிராமத்துப் பால் சொசைட்டி வாசலில் நின்றால் போதும். ஒற்றை மாடு வைத்துப் பிழைக்கும் பெண் நாலு லிட்டர் கேனோடு வரிசையில் வருகிறார். பாலில் கொஞ்சம் எடுத்து எந்திரத்தில் வைக்கிறார்கள். ஃபேட் (கொழுப்பு) இத்தனை, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) இத்தனை என்று தசமப் புள்ளியோடு சீட்டு விழுகிறது. ஆவின் கணக்கில் 2023-இல் 4.3 ஃபேட், 8.2 எஸ்.என்.எஃப். இருந்தால் பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாய். அதற்கு மேல் அந்த டிசம்பரில் அரசு அறிவித்த ஊக்கத்தொகை 3 ரூபாய். புள்ளி இறங்கினால் காசும் இறங்கும். “என்னக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா, கேனுக்குக் காட்டினியா?” என்று செயலர் கேட்பார். வரிசை சிரிக்கும். மழைக்கு முளைத்த இளம்புல்லை மட்டும் மேய்ந்த மாட்டுக்கு ஃபேட் குறையும் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், செயலருக்கும் தெரியும். எந்திரத்துக்குத் தெரியாது. சாயங்காலம் மறுபடியும் இதே விசாரணை. நாளுக்கு இரண்டு வேளை, வருஷத்துக்கு 730 தடவை.

இத்தனை கறாரான நாட்டில் பாலிலும் நெய்யிலும் கலப்படம் நடக்க வழியே இல்லை என்று நினைக்கிற அப்பாவிகளுக்காக, நாலு லிட்டர் கேனை விட்டுவிட்டு டேங்கர் லாரிக்கு வருவோம்.

திருப்பதி லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். திருமலையைத் தவிர வேறெங்கும் பிடிக்கிற லட்டு திருப்பதி லட்டு ஆகாது என்பது சட்டம். லட்டு எங்கே பிறந்தது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அந்த லட்டில் ஊற்றுகிற நெய் எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்க ஆளில்லாமல் இருந்தது. நாளொன்றுக்கு 3 லட்சத்துக்கும் மேல் லட்டு பிடிக்கிற தேவஸ்தானத்தில், நெய்யில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கூடம் 2024 வரை இருக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் அதன் நிர்வாக அதிகாரியே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அந்தக் கருவிக்கு ஆகிற செலவு 75 லட்சம் ரூபாய் என்றும் சொன்னார்கள். தேவஸ்தானத்தின் 2024-25 பட்ஜெட் 5,141 கோடி ரூபாய். பாவம், சில்லறை தட்டுப்பாடு.

சோதனைக்கூடம் வேண்டாம் ஐயா, ஒரு கால்குலேட்டர் இருந்திருந்தாலே போதும். 4.3 ஃபேட் உள்ள ஒரு லிட்டர் பாலில் இருக்கிற கொழுப்பு ஏறக்குறைய 44 கிராம். ஒரு கிலோ நெய்க்கு 22, 23 லிட்டர் பால் வேண்டும். லிட்டர் 38 ரூபாய் என்றால் பாலுக்கே 850 ரூபாய் ஆகிறது. வெண்ணெய் எடுத்த பாலைப் பவுடராக்கி விற்றுப் பாதிக் காசைத் தேற்றினாலும் 400-க்குக் கீழே இறங்காது. இதன் பிறகு உருக்குகிற கூலி, கரன்ட், லாரி வாடகை, முதலாளியின் லாபம். தேவஸ்தானத்துக்கு நெய் வந்து சேர்ந்த விலை என்ன தெரியுமா? திண்டுக்கல் நிறுவனம் ஒன்று போட்ட டெண்டர் கிலோ 319 ரூபாய் 80 காசு. அந்த 80 காசைப் பார்த்தீர்களா, அதில்தான் நேர்மை தெரிகிறது. டெண்டரைத் திறந்தவர்கள் “ஆஹா, மலிவு!” என்று கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டுக்கு நெய் வாங்கியதில்லை போலிருக்கிறது.

நெய் தன் பிறப்பை மறைக்கவே முடியாத பொருள். பால்கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அசைபோடுகிற பிராணிகளின் பாலில்தான் அது அந்த அளவுக்கு உண்டு. தேங்காயில் இல்லை, பாமாயிலில் இல்லை, பன்றிக் கொழுப்பிலும் இல்லை. ரைஷெர்ட்–மைஸல் எண் என்பது இந்த வகைக் குட்டை அமிலங்களை அளக்கிற 19ஆம் நூற்றாண்டுச் சோதனை. அதுபோல, தாவர எண்ணெயில் பீட்டா சிட்டோஸ்டெரால் இருக்கும், விலங்குக் கொழுப்பில் கொலஸ்டிரால் இருக்கும். நெய்யில் சிட்டோஸ்டெரால் தலைகாட்டினால் யாரோ செடியைக் கறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு மூளை இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். வனஸ்பதியை நெய்யில் கலக்கிறார்கள் என்று தெரிந்ததும், வனஸ்பதி தயாரிப்பவர்கள் எல்லாரும் அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். ஏன்? நல்லெண்ணெய் கலந்த எதன் மீதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் பட்டால் சிவந்துவிடும். எதிரியின் பாசறையிலேயே ஒற்றனை வைத்த மாதிரி. பள்ளிக்கூட ஆய்வகத்தில்கூடச் செய்யக்கூடிய சோதனை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒற்றன் இருக்கிற வனஸ்பதியை விட்டுவிட்டு, ஒற்றன் இல்லாத பாமாயிலுக்கு மாறினார்கள். சோதனை அப்படியே இருந்தது, சிவப்பு மட்டும் வரவில்லை. பழைய ரைஷெர்ட்–மைஸல் எண்ணைத் தேவையான இடத்துக்கு உயர்த்திக் காட்டுவதற்கும் கடையில் ரசாயனம் கிடைக்கிறது. விஞ்ஞானி ஒரு படி ஏறினால் கலப்படக்காரர் இரண்டு படி ஏறுகிறார். காரணம் எளிது. விஞ்ஞானிக்குக் கருவி வாங்க ஃபைல் நகர வேண்டும், கலப்படக்காரருக்கு லாரி நகர்ந்தால் போதும்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் அடுத்த கட்டம் எஸ்-மதிப்பு. பால்கொழுப்பின் டிரைகிளிசரைடுகளைக் கேஸ் குரோமட்டோகிராஃபியில் பிரித்து, ஐந்து சமன்பாடுகளில் போட்டுப் பார்க்கிறார்கள். கலப்பில்லாத பால்கொழுப்பு என்றால் ஐந்து விடையும் 100-ஐ ஒட்டியே நிற்கும். விலகினால் வேற்றுக் கொழுப்பு இருக்கிறது. 2024 ஜூலையில் திருமலைக்கு வந்த டேங்கர்களிலிருந்து எடுத்த மாதிரியை ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 100-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண்களில் சில இருபது சொச்சத்தில் வந்து விழுந்தன. ஒன்று 116.

ரசாயனம் இதற்கு மேல் தெளிவாகப் பேச முடியாது. இது நெய் இல்லை என்று அது சொல்லிவிட்டது. அதே சமயம் ஒழுக்கமான விஞ்ஞானிகள் எழுதுகிற மாதிரி, எச்சரிக்கையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். மாட்டுக்குத் தாவர எண்ணெய்த் தீவனம் அதிகம் கொடுத்திருந்தாலோ, மாடு அரைப்பட்டினி கிடந்திருந்தாலோ, ஒரே மாட்டின் பாலாக இருந்தாலோ எண் தவறாகக் காட்டலாம் என்று. பருத்திக்கொட்டை தின்கிற மாட்டின் நெய் வேறு மாதிரி இருக்கும் என்பது நம் பழைய உணவுச் சட்டத்துக்கே தெரியும். பருத்தி விளையும் பகுதிகளுக்கென்று நெய்யில் தனி அளவு வைத்திருந்தது அது. ஆகவே அடுத்துச் செய்ய வேண்டியது இன்னும் நாலு சோதனை, இன்னும் நாலு மாதிரி.

செய்தார்களா? டேங்கர்களைத் திருப்பி அனுப்பியதோடு சரி, ஜூலையில் வந்த அறிக்கை பெட்டிக்குள் படுத்துத் தூங்கியது. செப்டம்பர் 18 அன்று கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் கூட்டத்தில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு எழுந்து, முந்தைய ஆட்சியில் லட்டில் விலங்குக் கொழுப்பு கலந்தார்கள் என்றார். ஆய்வறிக்கையின் அட்டவணையில் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பக்கத்தில், எந்த எந்தக் கொழுப்பைக் கண்டுபிடிக்க அது உதவும் என்று ஒரு பட்டியல் இருக்கும். சூரியகாந்தி, பாமாயில், தேங்காய், மீன் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. அதில் பாமாயிலைத் தாண்டிக் குதித்து, ஓட்டு இருக்கிற வரியில் போய் நின்றது அரசியல் கண். டெலிவிஷன்காரர்கள் மறுநாள் காலையே கேஸ் குரோமட்டோகிராஃபி நிபுணர்களாகிவிட்டார்கள். அந்தப் பக்கம் முன்னாள் முதல்வர் கட்சி, எல்லாம் பொய், எல்லாம் திசைதிருப்பல் என்றது. சோதனை எண் இருபதுக்கு ஏன் இறங்கியது என்று அவர்களும் சொல்லவில்லை. 320 ரூபாய்க்கு நெய் எப்படிக் கிடைத்தது என்று சத்தியமாகச் சொல்லவில்லை.

திருமலையில் சாந்தி ஹோமம் நடந்தது. துணை முதல்வர் பவன் கல்யாண் 11 நாள் பிராயச்சித்த தீட்சை இருந்தார். பாவம் செய்தவர் டெண்டரில், விரதம் இருந்தவர் டெலிவிஷனில். அந்த வாரம்தான் நடிகர் கார்த்தி ஹைதராபாத்தில் ஒரு சினிமா மேடையில் மாட்டினார். லட்டைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். இப்போது அதைப் பற்றிப் பேச வேண்டாம், விஷயம் சென்சிடிவ் என்று சிரித்தபடி நழுவினார். அதற்குத் துணை முதல்வரிடம் கண்டனம் வாங்கி, மன்னிப்பும் கேட்டார். ஆக, இந்த விவகாரத்தில் முதன்முதலாக மன்னிப்புக் கேட்டவர், லட்டைப் பற்றிப் பேச மாட்டேன் என்றவர். நெய் விற்றவர், வாங்கியவர், சோதிக்காதவர், அறிக்கையைப் பூட்டி வைத்தவர், யாரிடமிருந்தும் அப்படி ஒரு சொல் வரவில்லை. இந்தப் பக்கம் நம் தமிழ்நாட்டு அரசாங்கமோ, பழனி பஞ்சாமிர்தத்துக்கு ஆவின் நெய்தான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசியில் சுப்ரீம் கோர்ட், கடவுளையாவது அரசியலிலிருந்து விட்டுவையுங்கள் என்று கடிந்துகொண்டது. அக்டோபர் 4 அன்று சி.பி.ஐ., மாநிலப் போலீஸ், உணவுப் பாதுகாப்பு ஆணையம் மூன்றும் சேர்ந்த சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் கைதுகள் தொடங்கின. பிறகு குழு கோர்ட்டில் சொன்ன கதை இருக்கிறதே, அதைக் கேட்டால் நம் பேய்க்கதை எழுத்தாளர்கள் பேனாவை மூடிவிடுவார்கள்.

உத்தராகண்டில் ஓர் ஆலை. ஐந்து வருஷம், 2019 முதல் 2024 வரை, சுமார் 68 லட்சம் கிலோ ‘நெய்’, மதிப்பு 250 கோடி ரூபாய். இத்தனையையும் அவர்கள் ஒரு சொட்டுப் பால் வாங்காமல், ஒரு கட்டி வெண்ணெய் வாங்காமல் செய்தார்கள் என்கிறது குழு. பாமாயில், பாம் கர்னல் எண்ணெய், மஞ்சள் நிறத்துக்குப் பீட்டா கரோட்டின், வாசனைக்கு நெய் எசென்ஸ், சோதனை எண்ணைத் தூக்கிக் காட்ட ஒரு எஸ்டர். பசு இல்லாத கோசாலை! நாடே பன்றியா, மாடா என்று பதினைந்து நாள் மாரடித்துக்கொண்டதே, இந்தக் கதையின் நாயகன் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் குலை தள்ளுகிற ஒரு மரம். மரத்தில் கறந்த நெய். கறுப்புப் பட்டியலில் சேர்ந்த ஆலை வேறு பெயர்களின் முதுகில் ஏறிக்கொண்டு தொடர்ந்து மலையேறியது என்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஜூலையில் தேவஸ்தானம் நிராகரித்துத் திருப்பி அனுப்பிய நாலு டேங்கர்கள், லேபிள் மாற்றிக்கொண்டு ஆகஸ்டில் மறுபடி திருமலைக்கே வந்து சேர்ந்தனவாம். புதிய ஆட்சி, புதிய நிர்வாகம், ஆனந்தின் அறிக்கை கையில், அப்படியும். வழக்கு நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுக்கலாம், நிரூபிக்க வேண்டியது குழுவின் பாடு. ஆனால் நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாத ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷம் அந்த நெய்யை வாங்கிய இடத்தில் அதைக் கேள்வி கேட்க ஒரு கருவி இருக்கவில்லை.

இப்படிக் கேள்வி கேட்கும் கருவி உலகத்திலேயே கிடையாது என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று ஒரு பாலாடைக்கட்டி. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா, அதை ஒட்டிய சில பகுதிகளில் செய்தால்தான் அந்தப் பெயர். அதைச் சீவித் தூளாக்கி விற்றாலும் ஐசோடோப்பு சோதனையில் ஊரைப் பிடித்துவிடுவார்கள். மாடு குடித்த தண்ணீரின் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஊருக்கு ஊர் வேறுபடும், அது பாலில் இறங்கும். சோளத்தட்டை தின்ற மாட்டின் கார்பன் ஒரு விதம், வைக்கோல் தின்ற மாட்டின் கார்பன் இன்னொரு விதம். எருமைப்பால் மொட்சரெல்லாவில் ஒரு சதவீதம் பசும்பால் கலந்தாலும் கேசீன் புரதத்தை மின்புலத்தில் ஓட விட்டுப் பிடிப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ முறை. அங்கே கட்டி எந்தப் பள்ளத்தாக்குப் புல்லில் பிறந்தது என்று கேட்கிறார்கள். இங்கே நெய் எந்த ஊர் மாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன், மாட்டிலிருந்துதான் வந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதையும் கேட்கவில்லை.

கேட்காமல் இருக்க எத்தனை வழி உண்டு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் பாடம் படிக்கலாம். 2011-இல் நாடு முழுக்க 1,791 பால் மாதிரி எடுத்தார்கள். 68.4 சதவீதம் தரத்துக்குப் பொருந்தவில்லை என்று வெளியிட்டார்கள். நாடு கொதித்தது. அடுத்த பெரிய கணக்கெடுப்பு 2018-இல், 6,432 மாதிரி. இந்தத் தடவை தலைப்பு: 93 சதவீதம் பாதுகாப்பானது! கலப்படம் வெறும் 12 மாதிரியில்! ஏழு வருஷத்தில் பாற்கடலையே கடைந்துவிட்டார்களோ என்று வியந்து அடியில் படித்தால், 41 சதவீத மாதிரிகள் கொழுப்பிலோ எஸ்.என்.எஃப்பிலோ வேறு ஏதாவது தர அளவிலோ குறைபட்டவை. பாதுகாப்பானது, ஆனால் தரமில்லாதது. சொசைட்டி வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு வகை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாடு முதலிடம் பிடித்த பாடம் ஒன்று உண்டு. பூஞ்சை பிடித்த தீவனம் வழியாகப் பாலுக்கு வரும் அஃப்ளடாக்சின் எம்-1 என்ற நஞ்சு. 551 மாதிரியில் 88-இல் வரம்பு மீறியிருந்தது. பத்து நாள் பேச்சு, பிறகு மௌனம். எந்தத் தீவன மூட்டையிலிருந்து வந்தது என்று தேடிப் போனால் மூட்டைக்கு முதலாளி இருப்பார், முதலாளிக்கு மாமன் மச்சான் இருப்பார்கள். 2014 ஆகஸ்டில் திண்டிவனம் அருகே ஆவின் டேங்கரிலிருந்து பாலை இறக்கிவிட்டு அதற்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றியவர்களைப் போலீஸ் பிடித்தது. பிடித்தது போலீஸ்! பால் போய்ச் சேர்ந்த இடத்தின் ஆய்வகம் இல்லை. நாலு லிட்டரில் அரைப் புள்ளி குறைந்தால் கண்டுபிடிக்கிற நிர்வாகம், டேங்கருக்குள் பம்புசெட்டுத் தண்ணீர் ஏறியதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 2017-இல் பால்வளத்துறை அமைச்சர் தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். நிறுவனங்கள் ஐகோர்ட்டுக்குப் போயின. ஆதாரமில்லாமல் பேசாதீர்கள் என்று தடை வந்தது. அமைச்சருக்குச் சோதனைக்கூடம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள். கலந்திருந்தால் அன்றைக்கே வழக்குப் போட்டிருக்க வேண்டும். கலக்கவில்லை என்றால் வாயை மூடியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. பால் வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்த தாய்மார்கள் மட்டும் பயந்தார்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்ற பழமொழியை நம் கிழவிகள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

சட்டம் கடுமையானால் சரியாகிவிடும் என்பார்கள். 2016-இல் சுப்ரீம் கோர்ட்டே, பாலில் கலப்படம் செய்கிறவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கும்படி சட்டத்தைத் திருத்தலாமே என்று யோசனை சொன்னது. இன்று நடைமுறை என்ன? 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கலந்த பொருள் உடம்புக்குக் கேடு என்று காட்ட முடிந்தால்தான் சிறை. பாமாயில் கேடில்லையே! ரேஷன் கடையில் அரசே அதைத்தானே விற்கிறது. ஆகவே கடையில் விற்கிற போலி நெய் ‘தரக்குறைவான உணவு’ என்ற சாதுவான பெயரில் அடங்கிவிடும். அதற்கு உச்சபட்ச அபராதம் 5 லட்சம் ரூபாய். உச்சபட்சம், அதற்கு மேல் போக முடியாது.

ஒரு டேங்கரில் 15 டன் என்றே வைத்துக்கொள்வோம். கிலோ 320 ரூபாய்க்கு 48 லட்சம். பத்து டேங்கர் அனுப்பி, அதில் ஒன்று மாட்டி, சரக்கும் போய், முழு அபராதமும் கட்டினாலும் நாலு கோடிக்கு மேல் கையில் நிற்கும். பாமாயில் வாங்கிய செலவு போகவும் இந்த நாட்டில் எந்த மாடும் கொடுக்காத லாபம் அது. இந்த அபராத எண்ணை மாற்றாமல், டேங்கருக்கு டேங்கர் சோதனை முடிவை ஊரறிய ஒட்டாமல், எந்த ஆட்சி எந்த ஹோமம் நடத்தினாலும் மரத்தைக் கறக்கிறவர்கள் கறந்துகொண்டேதான் இருப்பார்கள்.